மீளாத ஆறா, மீட்காத ஆறா?

கோவையில் நாம் பணியாற்றும் கல்லூரியில், முதுகலைத் தமிழ் மாணவர்க்கு மொழிபெயர்ப்பியல் ஒரு தாளாக உள்ளது. அத்தாளுக்கான பயிற்சியாக நொய்யலாற்றைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றை ஒருமுறை கொடுத்திருந்தோம். சாயக்கழிவால் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் நேர்ந்த கேட்டினைச் சுட்ட, அப்பத்தியில் 'இர்ரிவர்சிபிள்' என்னும் பெயரடை ஆளப்பட்டிருந்தது. விடைத்தாள்களில் அந்த ஒரு சொல் ஐந்து வடிவங்களில் வந்து நின்றது: மாற்ற முடியாத, நிரந்தரமான, திரும்பாத, மீளா, மீட்க இயலாத.

எது சரி என்று வகுப்பில் பேசத் தொடங்கியபோது, சென்னிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, இது எங்க கிணத்தப் பத்தின பத்திங்க. ஒரு சொல்லப் போட்டா பொய்யாத் தெரியுதுங்க. இன்னொன்னப் போட்டா, இனிமே அந்தக் கிணத்தப் பத்திப் பேசவே வேண்டாம்னு ஆயிருதுங்க. எதைத்தானுங்க போடறது?"

அகராதியைப் பார்த்து விடை சொல்லக்கூடிய வினாவன்று இது. அன்று வகுப்பில் நாம் கூறியது அரைகுறை விடையே. அதன் பின்னர் தேடியும் எண்ணியும் அறிந்தவற்றை இலக்கிய ஆர்வலர்களாகிய வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பொருந்தாத சொற்களை விலக்கிவிடுவோம். 'மாற்ற முடியாத' என்பது மாற்றத்துக்கே இடங்கொடாத பொருளைக் குறிக்கும். நொய்யலோ மாறிவிட்ட ஆறு. மாறியது பழைய நிலைக்குத் திரும்புமா என்பதே இங்கு வினா. 'நிரந்தரமான' என்பதும் பொருந்தாது. அது ஒரு நிலை நீடித்திருப்பதைக் கூறுவது. நமது பெயரடையோ வந்த வழியே திரும்பிச் செல்லவியலாமையைக் கூறுவது. பால் தயிராகிறது. தயிர் நிரந்தரமன்று, கடைந்தால் மோராகும், விட்டுவைத்தால் புளிக்கும். மாற்றம் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் மோரோ தயிரோ மீண்டும் பாலாவதில்லை. இந்த ஒருவழிப் போக்கையே அவ்வாங்கிலச் சொல் குறிக்கிறது.

அச்சொல் நுட்பமான பொருள் பெற்றது வெப்பவியலில் எனலாம். பிரெஞ்சுப் பொறியியலாளர் சாதி கார்னோ 1824-இல் வெளியிட்ட நூலில், இருதிசையிலும் இயங்கத்தக்க ஓர் இலட்சிய இயந்திரத்தைக் கற்பனை செய்தார். பின்வந்த ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் 1865-இல் 'என்ட்ரோபி' என்னும் அளவைக்குப் பெயர் சூட்டினார். இவ்வறிஞர் மரபில் 'மீள்தன்மையுடைய' நிகழ்வு என்பதற்கு இலக்கணம் மிகக் கடுமையானது: ஒரு பொருள் பழைய நிலையை அடைந்தால் மட்டும் போதாது, அதன் சுற்றுப்புறமும் சுவடின்றிப் பழைய நிலையை அடைந்திருக்க வேண்டும். உருகிய பனிக்கட்டியை மீண்டும் உறையவைக்கலாம். ஆனால் அதற்குக் குளிர்பதனப் பெட்டி மின்சாரம் உண்ணும், வெப்பத்தை அறைக்குள் கக்கும். கட்டி மீண்டது, அறை மீளவில்லை. இந்த எடுத்துக்காட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். திருப்பூரில் இது மீண்டும் தேவைப்படும்.

அறிவியலிலிருந்து இச்சொல் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 1992 ஜூனில் ரியோ டி ஜெனீரோவில் நிகழ்ந்த ஐ.நா. மாநாட்டுப் பிரகடனத்தின் 15-ஆம் கோட்பாடு, கடுமையான 'அல்லது' மீளாத கேட்டுக்கான அச்சுறுத்தல் இருக்குமாயின், அறிவியல் உறுதிப்பாடு முழுமையாக இல்லை என்பதைக் காரணங்காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்கிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆனால் அத்தீர்ப்பின் வாசகத்தில் கேடு கடுமையானதாக'வும்' மீளாததாக'வும்' இருத்தல் வேண்டும் என்பதுபோல் இரு பெயரடைகளும் சேர்த்தெழுதப்பட்டன. ரியோவின் 'அல்லது' வேலூரில் 'உம்' ஆயிற்று. முன்னதில் இரண்டிலொன்று இருந்தாலே போதும். பின்னதை எழுத்தெண்ணிப் படித்தால் இரண்டும் வேண்டும். உம்மைத்தொகையையும் எண்ணும்மையையும் தேர்வுக்காக மட்டும் படிப்போர், ஓர் இடைச்சொல்லின் விலை என்னவென்பதை இங்கே காணலாம்.

இனி, ஆற்றுக்கு வருவோம்.

நொய்யல் கோவைக்கு மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலையில், வெள்ளியங்கிரிப் பக்கத்து ஓடைகளாய்ப் பிறந்து, பேரூர், கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடி, கரூர் மாவட்டத்தின் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணத்தில் பாடும் காஞ்சிமாநதி இதுவே. ஆற்றங்கரைக்குத் தொழிலும் புதிதன்று. சென்னிமலைக்கு அருகில் இதன் வடகரையிலுள்ள கொடுமணலில், 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகள் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளையும், இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களையும், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணத்து நன்கலங்களைக் குறிப்பிடுவதை வாசகர்கள் அறிவர். ஆகவே, ஆற்றங்கரையில் தொழில் நடந்ததே கேட்டுக்குக் காரணம் என்று எளிதாக முடித்துவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. என்ன தொழில், அது எதை ஆற்றில் விட்டது என்பதே கேள்வி.

திருப்பூர் நெடுங்காலம் வெள்ளைப் பனியனின் ஊராக இருந்தது. 1980-களில் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது வெள்ளை நிறமாயிற்று. பருத்தியில் சாயம் ஏறிப்பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு கரைக்கப்படும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான் உப்பு என்பதோடு ஒப்பிட்டால் அளவு விளங்கும். எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் இக்கரைசலை ஆற்றிலும் ஓடைகளிலும் விட்டன. நொய்யலோ பருவமழை ஆறு. ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டமின்றிக் கிடப்பது. கழிவைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய அதனிடம் நீர் இல்லை. மழையற்ற மாதங்களில் கழிவே ஆறாயிற்று.

கண்ணை உறுத்தியது நிறம். சிவப்பாகவும் ஊதாவாகவும் ஓடிய ஆற்றின் படங்கள் இதழ்களில் வந்தன. ஆனால் நிறம் காலப்போக்கில் சிதைந்துவிடும். உப்பு சிதையாது. அது மக்காது, ஆவியாகாது. நீர் கொண்டுபோகும் இடத்துக்குப் போகும், நீர் வற்றிய இடத்தில் தங்கும். கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் மீளக்கூடியது, கண்ணுக்குத் தெரியாத மாற்றமே மீளாதது என்பதைப் பலரும் காலந்தாழ்ந்தே உணர்ந்தனர்.

ரியோ பிரகடனம் வெளிவந்த அதே 1992-இல், திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்ற அணை பயன்பாட்டுக்கு வந்தது. வீணாகும் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்துக்குத் தருவதே நோக்கம். அணை தேக்கியது சாயக்கழிவை. நீர் தேங்கத் தேங்கச் சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன. திறந்துவிட்டால் கீழேயுள்ள வயல்கள் கெட்டன. குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று; வேறு நீர் இல்லையெனில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவுகோல். இவ்வூர்களில் பல கிணறுகள் அந்தப் பொறுக்கும் எல்லையையும் தாண்டின.

வேலூர்த் தீர்ப்பை அடுத்து அமைக்கப்பெற்ற சூழல் இழப்பீட்டு ஆணையம், 2004-இல் நொய்யல் பகுதியின் 68 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 28,000 உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. ஒருவருக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. பின்னர், நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' நிலையை எட்டக் காலக்கெடு விதித்தது; அதுவரை வெளியேறும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் அபராதத்தையும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசங்கள் கடந்தும் கழிவு நிற்காமையால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. ஊரே திகைத்தது. பட்டறைகளை நம்பிப் பிற மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியிருந்த தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்றின் துயரத்தைப் பேசும்போது அவர்களை மறப்பது அறமாகாது.

அதன் பின்னர் ஜீரோ டிஸ்சார்ஜ் முறையை நிறைவேற்றிய நிலையங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அம்முறையின் நடுநாயகம் 'ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்'. உப்பை நோக்கி நீர் தானாக ஓடும் இயல்பை எதிர்த்து, அழுத்தங் கொடுத்து நீரைப் பின்னோக்கித் தள்ளுவது. நமது பெயரடையின் வேர்ச்சொல்லே இதன் பெயரிலும் இருப்பதை நோக்குக. சாயக்கழிவில் பெரும்பங்கு நீராகத் திரும்பக் கிடைக்கிறது. உப்புக் கரைசலின் ஒரு பகுதி மறுபடியும் சாயத்தொட்டிக்கே செல்கிறது. அப்படியானால் மீளாதது மீண்டுவிட்டதா? இங்கேதான் கிளாசியஸின் இலக்கணம் நினைவுக்கு வருகிறது. நீர் மீண்டது, அதற்கு ஈடாக மின்சாரம் செலவாகிறது, விறகும் நிலக்கரியும் எரிகின்றன, பயன்படுத்தவியலாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் சேர்கிறது. கட்டி மீண்டது, அறை மீளவில்லை. ஆயினும் உப்பு ஆற்றிலும் கிணற்றிலும் இருப்பதைவிட மூட்டையில் இருப்பது மேலானது என்பதில் ஐயமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அணைப் பக்கம் சென்றிருந்தபோது, தோப்பின் வரப்பில் நின்றிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "ஆறு இப்படிக் கெட்டுப்போச்சுங்களே" என்றோம், வருத்தந் தெரிவிக்கும் வழக்கமான தொனியில். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் இதையேதானுங்க சொல்றாங்க, கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னு. தானாக் கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலுங்களா?"

நாம் இருபதாண்டுகளாகக் கற்பிக்கும் தன்வினை, பிறவினைப் பாடத்தை அவர் ஒரே வரியில் நடத்திவிட்டார். கெட்டது தன்வினை, கெடுத்தது பிறவினை. மாறு, மாற்று, திருந்து, திருத்து, மீள், மீட்டல் என்று தமிழ் இவ்விரண்டையும் வினைச்சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலப் பெயரடையோ இரண்டையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது. அது தானாகத் திரும்பாது என்கிறதா, எவராலும் திருப்ப முடியாது என்கிறதா, திருப்ப எவரும் முன்வரவில்லை என்கிறதா? சொல்லைப் பார்த்துச் சொல்லவியலாது. தமிழில் எழுதுவோர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 'மீளாத' என்றால் ஆற்றைப் பற்றிய கூற்று. 'மீட்க இயலாத' என்றால் மனித ஆற்றலைப் பற்றிய கூற்று. 'மீட்காத' என்றால் நம்மைப் பற்றிய கூற்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'மீளா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் காலங் காட்டாது; முக்காலத்துக்கும் பொது. ஓடாக் குதிரை நேற்றும் ஓடவில்லை, இன்றும் ஓடவில்லை, நாளையும் ஓடாது. இறப்பை 'மீளாத் துயில்' என்கிறோம். அங்கே அது முற்றிலும் பொருந்தும். 'மீளா ஆறு' என்று எழுதினால் நாளைக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதற்கான சான்று நம்மிடம் உண்டா?

உப்பேறிய நிலத்தை மீட்கும் வழியை வேளாண்மையர் அறிவர். சோடியம் ஏறிய மண் இறுகி நீரை உள்ளே விடாது. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். பின்னர் நல்ல நீரைப் பாய்ச்சி, வடிகால் அமைத்து உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். ஜிப்சம், நல்ல நீர், வடிகால், காலம் ஆகிய நான்கும் வேண்டும். வறண்ட கொங்கு மண்ணில் நல்ல நீர் அரிது. கழுவிய உப்பு எங்கே போகும் என்ற வினாவும் எழும். ஆழத்து நீரோ இன்னும் மெல்லவே தெளியும். ஆகவே மீட்பு அரிது, நெடிது, செலவு மிக்கது. ஆனால் 'அரிது' என்பதும் 'இயலாது' என்பதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை நாம் வலியுறுத்துவது இலக்கண ஆசிரியனின் பிடிவாதத்தால் அன்று. கேடு நிகழும் முன்னர் 'மீளாதது' என்னும் சொல் காவலாளி. வேண்டாம், திரும்ப முடியாது என்று தடுக்கிறது. ரியோவிலும் வேலூர் வழக்கிலும் அது அப்பணியையே செய்தது. கேடு நிகழ்ந்த பின்னர் அதே சொல் சாக்குப்போக்காக மாறக்கூடும். மீட்க இயலாதெனில் மீட்பதற்கு எவரும் பணம் தரவேண்டியதில்லை, எவரும் திட்டம் தீட்ட வேண்டியதில்லை, எவரிடமும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. முன்னெச்சரிக்கையாகப் பிறந்த சொல், பின்னர் கோப்பை மூடும் முத்திரையாகிவிடும். இச்சொல்லைக் காணுந்தோறும் இது செயலுக்கு முன்னர்ச் சொல்லப்படுகிறதா, பின்னர்ச் சொல்லப்படுகிறதா என்று ஒருமுறை நோக்குதல் நலம்.

பிறவினைக்கு எழுவாய் யார் என்ற வினாவும் எஞ்சுகிறது. பட்டறையார் என்று விரல் நீட்டுவது எளிது. உழவர்களின் குரலை ஆண்டுக்கணக்கில் கேளாதிருந்த அலுவலகங்களும் எழுவாய்தாம். மலிவு விலையில் வண்ணச் சட்டை வாங்கி அணியும் உலகெங்குமுள்ளோரும், கோவை நகரில் வாழும் நாமும் எழுவாய்தாம். நமது வீட்டுக் கழிவுநீரும் இதே நொய்யலில்தான் இன்றும் கலக்கிறது. அன்று வரப்பில் நின்று நாம் வருத்தந் தெரிவித்தபோது உள்ளே அணிந்திருந்தது திருப்பூர்ப் பனியன்.

அம்மாணவி தமது மொழிபெயர்ப்பைத் திருத்தி மறுபடியும் கொண்டுவந்தார். ஒற்றைப் பெயரடை இருந்த இடத்தில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. இக்கேடு தானாக மீளாது. இதை நாம் இன்னும் மீட்கவில்லை. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நீண்டால் மதிப்பெண் குறைப்பது நமது வழக்கம். இம்முறை குறைக்கவில்லை.